பெரியம்மா பிந்திப் பாடவில்லை

தாழ்வுபாடு,
28.05.2012

அன்புள்ள மகன் றொட்னி அறிவது,

அந்தோனியார் துணையால் நான் சுகம். கோழிகள் சுகம். நீ கொழும்பிலிருந்து அனுப்பிய கொம்பியூட்டரும் கீபோட்டும் என்னைவிடச் சுகம். உன் பெரியம்மாவின் சுகத்தை நீ உன் அம்மாவிடம்தான் விசாரிக்க வேண்டும், ஏனென்றால் அவ எட்டு நாளாக நானாட்டானில் உன் அம்மா வீட்டில் இருக்கிறா. எல்லாத்துக்கும் காரணம் உன்னுடைய அந்தப் பெட்டிதான். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினையாதே. கோபம்தான், ஆனாலும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் சிற்றாலயத்துக்கு இதுதான் முதல் திருநாள். வரும் திங்கள் கொடியேற்றம். அன்று உழவு மெசினில் ஒலிபெருக்கி கட்டி, நான் எழுதிய பாட்டை ஊர் முழுக்கப் போடுவதாகச் சுவாமியாரிடம் வாயை விட்டுவிட்டேன். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருபது வருஷம் கோயில் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்தவனுக்கு ஒரு கீபோட் என்ன பெரிய காரியம்? அதிலேயே மேளச் சத்தமும் ஓகன் சத்தமும் வாசித்துக் கொம்பியூட்டரில் ஏற்றினேன், தங்கம் மாதிரி இருந்தது. பிறகு பெரியம்மாவை மைக்குக்கு முன்னால் நிற்பாட்டிப் பாடவைத்துப் போட்டுக் கேட்டால், மேளம் விழுந்து கொஞ்சம் கழித்துத்தான் அவவின் குரல் வருகிறது. நீ பிந்துகிறாய் என்றேன். திரும்பப் பாடினா. திரும்பவும் பிந்தினது. இப்படிப் பதினாலு தரம். பதினாலாம் தரம் பாடி முடித்து மைக்கை மேசையில் வைத்துவிட்டு அவ சொன்னது இதுதான்: "நான் சரியாத்தான் பாடுறன். நீங்கள் உங்கட பெட்டியைப் பாருங்கோ."

பார்த்தேனே! உனக்குப் போன் எடுத்தேன். கீபோட்டில் இருந்து போவது சத்தமே இல்லை, எந்தக் கட்டையை எப்ப அமத்தினது என்ற குறிப்பு மட்டும்தான், அதுக்குப் பேர் மிடி, மைக்கில் இருந்து போவதுதான் மெய்யான சத்தம், இரண்டையும் சேர்த்து நடத்துவது கொம்பியூட்டரின் பொறுப்பு என்று நீ ஒரு பிரசங்கம் வைத்தாய். இரண்டு பேரை இரண்டு றோட்டால் அனுப்பிவிட்டு ஒன்றாக வந்து சேருங்கோ என்றால் எப்படி மகன் வருவினம்? சத்தம் உள்ளே தங்கிப் போகிற பஃபர் என்ற எண்ணைக் குறையுங்கோ என்றாய், குறைத்தேன், பப்படம் பொரிகிற சத்தம் வந்தது. கூட்டினேன், பெரியம்மாவின் குரல் பேசாலைக் கோயிலில் இருந்து வருகிறமாதிரி இன்னும் பிந்தினது. வேறொரு இடத்தில் நாற்பத்துநாலு என்று கிடந்ததை நாற்பத்தெட்டு ஆக்கினேன், அவவின் குரல் ஆட்டுக்குட்டி கத்துகிறமாதிரிப் போனது, அதை அவவும் கேட்டுவிட்டா. தகரக் கூரையில் பட்டுத்தான் குரல் பிந்துதாக்கும் என்று வீட்டில் இருந்த சாரம் எல்லாத்தையும் நனைத்துச் சுற்றிக் கட்டினேன், உடுக்கச் சாரம் இல்லாமல் போனதே தவிர வேறொன்றும் நடக்கேல்ல. அந்த எரிச்சலில், பாட்டுக் குழுப் பிள்ளையள் எல்லாரும் நிற்க, இருபது வருஷமாய் உன்ர பிந்தலை ஆர்மோனியத்தால மூடிக்கொண்டு வந்தவன் நான் என்று சொல்லிப்போட்டேன். அவ சோற்றை இறக்கி வைத்தா, கோழிக்குத் தீன் போட்டா, பையை எடுத்துக்கொண்டு நானாட்டான் பஸ் ஏறிவிட்டா.

இனித்தான் விசயம். அடுத்த நாள் நான் பாடினேன், பிந்தினது. திருநாளுக்கு மேளம் அடிக்கிற வின்சன்டைக் கூட்டிவந்து கை தட்ட வைத்தேன், அதுவும் பிந்தினது. கடைசியில் சோற்றுப் பானை மூடியை எடுத்து மேளத்தோடு சேர்த்து நானே அடித்தேன். மூடியும் பிந்துது றொட்னி! மனுசர் பிடிவாதம் பிடிப்பினம், பானை மூடிக்கு என்ன பிடிவாதம்? கொம்பியூட்டரில் அந்த மூடிச் சத்தத்தின் படத்தைப் பிடித்து ஒரு நகக்கண் அளவு முன்னுக்கு இழுத்தேன், மேளத்தோடு அப்படியே பொருந்தினது. அதே அளவு பெரியம்மாவின் பதினாலு பாட்டையும் இழுத்துப் பார்த்தேன். பதினாலும் சரி. மூன்றாம் சரணத்தில் ஒரு இடம் மட்டும் இன்னும் பிந்துது, அதுவும் பெட்டியின் குற்றமாகத்தான் இருக்கும்.

ஆகவே மகன், நீ எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். படித்தவன் எழுதுகிறமாதிரி எழுது. இப்படியான கொம்பியூட்டரில் எப்பேர்ப்பட்ட பாடகி பாடினாலும் குரல் பிந்தும், இதில் பெரியம்மாவின் பிழை ஒன்றுமில்லை, பெரியப்பாவின் பிழையும் ஒன்றுமில்லை என்று எழுது. இரண்டாவதை அழுத்தி எழுது. நான் கேட்டு எழுதினதாகக் காட்டாதே. அந்த மூன்றாம் சரணத்தை மட்டும் எப்படி இழுத்துச் சரிக்கட்டுவது என்பதைத் தனித்தாளில் எழுது. பாட்டு இருக்கிறது, பாடினவ இல்லை. முகாமில் பத்தடி அறைக்குள் எத்தனை சண்டை பிடித்தோம், ஒரு நாளாவது அவ என்னை விட்டுப் போகேல்ல, போகவும் இடமில்லை. இப்ப சொந்தக் காணியில் தனிய இருந்து நானே தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிறேன், வாயில் வைக்க ஏலாது. அவ இல்லாமல் கொடியேற்றத்தில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு நிற்கிறது?

உனக்கு ஒரு பொதி கட்டா மீன் கருவாடு கட்டியிருக்கிறேன், இந்தக் கடிதம் அதன் நடுவில் இருக்கிறது. பொதி உன் அம்மா வீட்டுக்குப் போய், நாளைக்கு அங்கிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றுகிற ஜுனைதீனின் லொறியில் உன்னிடம் வரும். பயப்படாதே, உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, றொட்னிக்கு மட்டும் என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். ஒருவரும் தொடமாட்டினம். வியாழன் திரும்புகிற லொறியில் உன் பதில் வரவேணும்.

உன் வேலையும் உடம்பும் செழிக்க அந்தோனியார் உனக்காகப் பரிந்து பேசுவாராக.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
அமிர்தநாயகம்

பி.கு.: மகன் றொட்னி, இது பெரியம்மா எழுதுறன். கருவாடு ஈரமா இருந்தது, வெயிலில காயப்போட எண்டு நானும் உன்ர அம்மாவும் பொதியைப் பிரிச்சனாங்கள். சிவப்பு மையைக் கண்டா ஆர் வாசியாமல் விடுவினம்? நாளைக்குக் காலமை பஸ்ஸில வீட்டை போறன், அந்தத் தேத்தண்ணியை எத்தனை நாளைக்கு அந்த மனுசன் குடிக்கிறது. ஆனா மூன்றாம் சரணத்தில நான் பிந்தினது மெய். அதில "திரும்பி வராத பேருக்கும் வாசல் திறந்து வையும்" எண்டு இவர் எழுதி வச்சிருக்கிறார். அந்த இடத்தில எனக்குக் காணாமல் போன என்ர தம்பியின்ர முகம் வரும், மூச்சு எடுக்க ஏலாது. பதினாலு தரமும் அப்பிடித்தான். அதை ஒருத்தரும் இழுத்துச் சரிக்கட்ட வேண்டாம், அப்பிடியே கிடக்கட்டும். நீ அவர் கேட்ட கடிதத்தை நல்லா நீட்டி எழுது, எல்லாம் பெட்டியின்ர பிழை எண்டே எழுது. மிச்சத்தை, அவர் என்னட்டை மன்னிப்புக் கேட்டு முடிஞ்ச பிறகு நான் சொல்லுறன்.