என் மனைவியின் பானையைத் தூக்கிப்போனவன்

நஹ்லாவோத், ஜெருசலேம்
வெள்ளிக்கிழமை காலை

மதிப்புக்குரிய பெரிய மச்சான் பெக்கோர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ரெய்னாவின் கணவன் ரஹமீம் மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த வயிற்றெரிச்சலோடும் எழுதிக்கொள்வது. திபேரியாவில் நீங்களும் உங்கள் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவன் அருள்வானாக. உங்கள் முழங்கால் வலி ஏரிக்காற்றுக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ரெய்னா சுகம். அளவுக்கு மீறிய சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பஸ்கா பண்டிகை முடிந்ததிலிருந்து எங்கள் சந்துகளில் நாடகச் சுற்றுலா என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலமானால் பல ஊர்களிலிருந்தும் வந்த ஜனம் ஆட்டுமந்தை மாதிரி நுழையும். முன்னால் நோகா என்ற பெண் மத்தளம் தட்டிக்கொண்டு கதை சொல்லுவாள், பின்னால் ஈத்தமார் என்ற நடிகன் ஒட்டுமீசையும் சிவப்புக் குல்லாவுமாக வருவான். ஒரு சந்தில் தண்ணீர் சுமப்பவன், அடுத்த சந்தில் ரபி, அதற்கடுத்ததில் பிரசவம் பார்க்கும் கிழவி, எல்லாம் அவனே. கடைசியில் எங்கள் முற்றத்துப் பழைய தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் ஏறி நின்று ஆடுவான். நான் ஆட்சேபிக்கவில்லை. ஆயுள் முழுக்கத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ரெய்னா அவர்களை உள்ளே கூப்பிட்டுப் புதினா டீயும் பொரேக்கா பலகாரமும் கொடுத்து அந்தக் காலத்துக் கதைகளை அவிழ்த்துவிடுவாள். அதற்கும் சரி என்றேன். வாடகை கேட்க வந்தவனை உங்கள் அம்மா இதே வாசலில் துடைப்பத்தால் துரத்தியதை ஈத்தமார் நடித்துக் காட்டியபோது நானே எழுந்து நின்று கைதட்டினேன், ஏனென்றால் அந்தத் துடைப்பத்தை நானும் அறிவேன்.

பிறகுதான் மச்சான், அந்தப் புதுக் காட்சி வந்தது. வெள்ளிக்கிழமை எல்லா வீட்டு ஹமீன் குழம்புப் பானையும் ரொட்டிக்கடை அடுப்புக்குப் போகும், சனிக்கிழமை தொழுகை முடிந்ததும் வெந்த பானையை அவரவர் தூக்கி வருவோம், உங்களுக்குத் தெரியாததா. இந்த முற்றத்து அழகி ஒருத்தியை ஒரு வாலிபன் காதலித்தானாம். அவள் வாசலை மிதிக்க வழியில்லாமல், வேண்டுமென்றே அவள் வீட்டுப் பானையைத் தூக்கிப்போய், ஐயோ மாறிவிட்டதே என்று திருப்பித் தர வந்தானாம். அப்பா கத்துகிறாராம், அவன் காதில் விழவில்லையாம், அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். பார்வையா அது! வந்திருந்த பெண்களெல்லாம் ஒருசேரப் பெருமூச்சு விட்டார்கள். நோகா சொல்கிறாள்: "அந்த அழகி இன்னும் இதே வீட்டுல தாங்க இருக்காங்க!" எல்லாத் தலையும் திரும்புகிறது. வாசலில் ரெய்னா, முகம் சிவந்து, இடுப்பில் கட்டிய சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு! எனக்காக அந்த முகம் அப்படிச் சிவந்தது அடுப்பு பற்றிக்கொண்ட அன்றைக்கு மட்டும்தான்.

"யார்டி அவன்?" என்றேன், ஜனம் போனதும்.

"உனக்குத் தெரியாதாக்கும், மனுஷா!" என்று சொல்லி, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

எங்கள் கதை உங்களுக்குத் தெரியும். உங்கள் அத்தை மகள் கல்யாணத்தில் பார்த்தேன், அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டேன், முடிந்தது. நடுவில் பானை ஏது? ஆகவே பானைக்காரன் வேறொருவன். பானைகள் யார் கையில் இருக்கும்? ரொட்டிக்கடைக்காரன் மகன் ஷப்தாய் கையில்! இன்றைக்கும் ரெய்னா போனால் மட்டும் எள் ரொட்டியில் ஒன்று கூடுதலாக வைக்கிறானே, அந்த ஷப்தாய். நேரே மஹனே யெஹூதா சந்தைக்குப் போய், வாடிக்கையாளர் வரிசையை உடைத்துக்கொண்டு, "என் பெண்டாட்டி பானையைத் தூக்கினது நீதானே?" என்று கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது.

"ரஹமீம், நானே அடுப்புக்காரன். நான் எதுக்குப் பானையைத் தூக்கணும்? எல்லாப் பானையும் என்கிட்டதானே இருந்துச்சு?" என்றான் அவன். பக்கத்துக் கடை ஆலிவ்காரன் சிரித்துச் சிரித்து வாளியைக் கவிழ்த்தான். நான் ஆலிவில் வழுக்கி விழுந்தேன். ஷப்தாயே தூக்கிவிட்டு, கையில் ஒரு எள் ரொட்டியும் கொடுத்தான். அதைப் பாதி வழியில் தின்றுவிட்டேன் என்பது என் வெட்கத்தோடு சேரட்டும்.

நேற்று பொறுக்க முடியவில்லை. காட்சி நடக்கும்போதே பாய்ந்து ஈத்தமார் கையிலிருந்த பானையைப் பிடுங்கினேன். "கீழ இறங்குடா! அவ என் பெண்டாட்டி! உன் மீசையும் பொய், உன் காதலும் பொய்!" என்றேன். மீசை என் கையோடு வந்துவிட்டது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. ரெஹோவோத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "இந்தத் தாத்தாதான்டி நல்ல நடிகரு, எவ்வளவு இயல்பா பொறாமைப்படறாரு பாரு!" என்கிறாள். நோகா என்னை ஓரமாக இழுத்து, "தாத்தா, வாராவாரம் இதே மாதிரி பண்ணுங்க, ப்ளீஸ்!" என்கிறாள். ரெய்னாவோ எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டு, "வீட்டிலயும் இப்படித்தான்" என்றாள்.

மச்சான், நான் கூடத்துச் சோபாவில் படுக்கிறேன். அவளோடு பேச்சில்லை; உப்பு வேண்டுமென்றால்கூட நானே எழுந்து போகிறேன். அந்தக் காலத்தில் நீங்கள் ராணுவத்தில் இருந்தீர்கள், அறிவேன். ஆனாலும் அவள் பயப்படுவது உலகில் உங்களுக்கு ஒருவருக்குத்தான். உடனே புறப்பட்டு வந்து, அவன் யார், அவன் பார்வையில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டு எனக்கு நியாயம் வாங்கித் தாருங்கள். இல்லையென்றால் உங்கள் தங்கையைத் திபேரியாவுக்கே அழைத்துப் போங்கள், அவள் போட்டு வைத்திருக்கும் கத்தரிக்காய் ஊறுகாய் ஜாடியை மட்டும் விட்டுவிட்டு.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம், சிறுவர்களுக்கு ஆசி. நீங்கள் நூற்றிருபது வயது வாழ்க. என் போன்ற மனவேதனை உங்கள் பகைவருக்கும் வேண்டாம்.

இப்படிக்கு,
நொந்துபோன மைத்துனன் ரஹமீம்

பின்குறிப்பு: தபால்தலை வாங்குவதற்குள் சப்பாத் ஓய்வுநாள் வந்துவிட்டது, இன்று ஞாயிறு. இதை நான் மேசையில் வைத்திருந்ததை வெள்ளிக்கிழமையே ரெய்னா பார்த்துவிட்டு, யாருக்கு என்றாள். சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட மக்கு மனுஷா, அது நீதான்! எங்க வாசல்ல பானையோட வந்து நின்னியே! எங்கப்பா கத்தக் கத்த என்னையே பார்த்துக்கிட்டு நின்னியே! அந்தப் பார்வைக்காகத்தானே உங்கம்மா பொண்ணு கேட்டு வந்தப்போ யோசிக்காம சரின்னேன்!" அதனால் நீங்கள் புறப்பட வேண்டாம். நான் கட்டிலுக்குத் திரும்பிவிட்டேன்.

ஆனால் மச்சான், உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். அவள் சொன்னதும் நினைவு வந்தது. பானை மாறியது நிஜம். மூக்குக்கண்ணாடி போடாமல் போனேன், மாறியது. அந்த வாசலில் ஒரு பெண் நின்றதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அன்று எனக்குக் கொலைப்பசி. நான் பார்த்துக்கொண்டு நின்றது உங்கள் அப்பா கையிலிருந்த எங்கள் வீட்டுப் பானையை. படித்ததும் இதைக் கிழித்து ஏரியில் போடுங்கள். ரெய்னா நோகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்; வருகிற வியாழன் என்னைத் தொட்டிமேல் ஏற்றி, அந்தப் பார்வையை ஒரு தரம் பார்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளாக நிலைக்கண்ணாடி முன் நின்று முயற்சி செய்கிறேன். எனக்கு வரவேயில்லை. அந்த ஈத்தமாருக்கு மட்டும் எப்படித்தான் வருகிறதோ, பாவி!