உறை பிரிக்காத வெளிச்சம்

புதுப் பொருளைப் புதுப் பொருளாகவே காப்பாற்றும் கலையில் எங்கள் அலுவலகத்தை மிஞ்ச இந்தப் பூவுலகில் இன்னொரு அலுவலகம் பிறந்துதான் வரவேண்டும். மேனேஜரின் நாற்காலி வாங்கிய நாள் முதல் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. அவர் அசைந்தால் மொறுமொறுவென்று சத்தம் வரும். அதை வைத்தே அவர் கோபத்தை அளந்துகொள்வோம். ஜெனரேட்டர்கூட வந்த பெட்டியிலேயே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

அத்தகைய புண்ணிய பூமிக்கு ஒரு 'உயர்திறன்' டார்ச் வந்து சேர்ந்தது. முழங்கை நீளம். தெருக்கோடி வரை வெளிச்சம் பாயுமாம். பேட்டரிகள் மெல்லிய கண்ணாடித்தாள் சுற்றி வந்திருந்தன.

"தாளோட அப்படியே போடுங்க. பிரிச்சா பழசாயிடும்" என்றார் மேனேஜர்.

அப்படியே போட்டோம். திறப்பு விழாவில் டார்ச் ஒரே ஒரு தடவை கண் சிமிட்டியது. கைதட்டினோம். அன்றே லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்த பழைய டார்ச்சைக் கழித்துக்கட்டினோம்.

போன வாரம் மதியம் மின்சாரம் போய், லிஃப்ட் மேல்மாடிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒருத்தி, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் என் மனைவி. மூடிய இடம் என்றாலே அவளுக்கு மூச்சு முட்டும்.

"என்னங்க! இருக்கீங்களா?"

"இருக்கேம்மா! டார்ச் வந்துட்டே இருக்கு!"

லிஃப்ட்டைக் கையால் சுற்றி மேலே ஏற்றும் சக்கரம், ஜன்னலே இல்லாத பக்கத்து அறையில் இருந்தது. "இருட்டுல கைய விட்டா விரல் போயிடும் சார். வெளிச்சம் குடுங்க" என்றார் மெக்கானிக். செல்போன்கள்? கவனம் சிதறாமலிருக்க எல்லோருடைய செல்போன்களையும் காலையிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது எங்கள் வழக்கம். சாவி என் மனைவியின் கைப்பையில், கைப்பை அவளோடு லிஃப்ட்டுக்குள். எவ்வளவு கச்சிதமான நிர்வாகம் பாருங்கள்!

டார்ச் எரியவில்லை. லிஃப்ட் வாசலிலேயே 'அவசர ஆய்வுக் கூட்டம்' கூடியது. பாதுகாப்புக் குழுச் செயலாளர் என்ற முறையில் நான் வரவேற்புரை ஆற்றினேன்.

"உள்ளங்கையில தட்டுங்க" என்றார் மேனேஜர். தட்டினேன். சிமிட்டி அணைந்தது.

"முன்னேற்றம்!" என்றார்.

"காண்டாக்ட் பிரச்சனை சார். பின்மூடி லூசு" என்றார் டைப்பிஸ்ட். இறுக்கினோம். பிறகு தளர்த்தினோம். பேட்டரிகளைத் தலைகீழாகப் போட்டோம், மறுபடி நேராகப் போட்டோம். டைப்பிஸ்ட் தன் அழி ரப்பரால் மூடியின் பித்தளை வட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கினார். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டியதும் அது துள்ளி, மேனேஜரின் டீக்குள் குதித்தது.

"சூடாத்தான் இருக்கு, கிருமி செத்துடும்" என்று மீட்டுத் துடைத்து மாட்டினோம். சாக்லேட் சுற்றிய ஜிகினாத்தாளையும் மடித்துச் செருகினோம். ஊஹும்.

"என்னங்க... மூச்சு வாங்குது எனக்கு..."

கூட்டம் எனக்குக் கசந்துபோன கணம் அதுதான்.

"மேடம், பொறுமையா இருங்க. உங்க விஷயமாத்தான் பேசிட்டிருக்கோம்" என்று கதவைப் பார்த்துச் சொன்னார் மேனேஜர்.

பிறகு உள்ளிருந்து, தெளிவாக ஒரு கேள்வி வந்தது.

"பேட்டரி மேல இருந்த தாளைப் பிரிச்சீங்களா?"

டைப்பிஸ்ட் தன் செருப்பை ஆராய்ந்தார்.

"அது... கொள்கை முடிவு" என்றார் மேனேஜர். "அடுத்த கூட்டத்துல வெச்சு..."

அவர் முடிப்பதற்குள் பேட்டரியை உருவி, தாளைப் பல்லால் கடித்துக் கிழித்துத் துப்பினேன். என் பணிக்காலத்தில் நான் செய்த முதல் 'வேலை' அதுதான்.

பொத்தானை அழுத்தியதும், அப்பப்பா, சூரியன் படியேறி வந்ததுபோல் ஒரு வெளிச்சம்! எப்போதும் மங்கலாகவே கிடக்கும் மேல்மாடியை அதில்தான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தோம். தீயணைப்பான் உறைக்குள். அவசர விளக்கு உறைக்குள். முதலுதவிப் பெட்டி, ரிப்பன் கட்டியபடி, உறைக்குள்.

மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றினார். கதவு திறந்தது. வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன்.

மேனேஜரும் ஓடி வந்தார். குனிந்து, தரையில் கிடந்த கண்ணாடித்தாளை இரு கையாலும் பொறுக்கினார். "கிழிஞ்சிடுச்சே... புத்தம் புதுசாச்சே!" குரல் தழுதழுத்தது. இப்படி உருகும் அதிகாரி எத்தனை பேருக்கு வாய்ப்பார்?

என் மனைவி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"சார், நாளைக்கு எங்களையும் ஆளுக்கொரு கண்ணாடித்தாள்ல சுத்தி வெச்சுடுங்க. அப்பவாவது எங்களுக்கு ஒண்ணு ஆனா நீங்க பதறுவீங்க."