மச்சானுக்கு மாலை போட்டதுக்கு ஆதாரம்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்க கல்யாண டிவிடியை லேப்டாப்ல போட்டுக் காட்டணும். அம்புட்டுதான்.

யாருக்குக் காட்டணும்? என் பொண்டாட்டி செல்வியோட அண்ணனுக்கு. உசிலம்பட்டி மச்சான். அடுத்த வாரம் எங்க பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு. மச்சான் மட்டும் மடியைத் தர மாட்டேன்னுட்டாரு.

"உங்க கல்யாணத்துல எனக்கு மால போடல மாப்ள. சபையில மரியாத இல்லாதவன் மடி மட்டும் எதுக்கு?"

பத்து வருசமா இதையே சொல்றாரு. நானும் பத்து வருசமா "போட்டேன் மச்சான், என் கையாலயே போட்டேன்"னு சொல்றேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வெள்ளைச் சட்டை, கட்டை மீசை, ரோஜாப்பூ மாலை.

நம்ம வாய் சும்மா இருக்குமா? "டிவிடி இருக்கு, வந்து பாருங்க. மால போடலைன்னா நீங்க சொல்றதுக்குக் கட்டுப்படுறேன்"னு சவால் விட்டுட்டேன்.

"பத்து மணிக்கு வாரேன்"னாரு. ஒம்பதரைக்கே திருநகர்ல எங்க வீட்டுக்கு வந்து சோபாவுல உக்காந்துட்டாரு.

எங்க லேப்டாப்புக்கும் கிட்டத்தட்ட எங்க கல்யாண வயசு. பேட்டரி செத்துருச்சு, விரலால தேய்க்கிற டச்பேடும் செத்துருச்சு. மூடி சாயாம இருக்க பின்னாடி ஊறுகா பாட்டிலை முட்டுக் குடுக்கணும். டிவிடி போட அதுல இடமே கிடையாது. அதுக்குன்னு தனியா ஒரு டிரைவ் வாங்கி பீரோவுல வச்சிருந்தேன்.

எடுத்தேன். வயரைச் சொருகினேன். லைட் எரிஞ்சது. டிவிடியைப் போட்டேன்.

டொக். கிர்ர்ர். டொக்.

அவ்வளவுதான். ஒண்ணும் வரல!

எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் மூணு. பிடுங்கிச் சொருகுறது, ஊதுறது, தட்டுறது. மூணையும் செஞ்சேன்.

"என்ன மாப்ள, ஆதாரம் இருமுது?"ன்னாரு மச்சான்.

எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குற பாண்டிக்குப் போன் போட்டேன். செல்வி ஸ்பீக்கர்ல போட்டு விட்டா. எல்லாரும் கேக்கணுமாம்!

"அண்ணே, அந்த வயர்ல எத்தன தல இருக்கு?"

"ரெண்டு."

"எத்தனைய சொருகியிருக்கீங்க?"

"ஒண்ணு. இன்னொண்ணு ஸ்பேர்னு நெனச்சேன்."

"ஸ்பேர் இல்லண்ணே! பழைய லேப்டாப்ல ஒரு ஓட்டையில வர்ற கரண்ட் அதுக்குப் பத்தாது. ரெண்டையும் சொருகுங்க."

என் லேப்டாப்ல ஓட்டை மொத்தம் மூணு. ஒண்ணு செத்துப்போச்சு. ஒண்ணுல மவுஸ். மவுஸைப் பிடுங்கிட்டு ரெண்டாவது தலையைச் சொருகினேன். டிரைவ் விர்ருன்னு சுத்த ஆரம்பிச்சது. நான் மச்சானைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சேன்.

ஸ்கிரீன்ல வந்துச்சு: டிஸ்க்கை உள்ளே போடவும்.

அடேய், உள்ளதானடா இருக்கு!

"அப்ப லென்ஸ்ல அழுக்கு இருக்கும்ணே. தட்டை வெளிய இழுங்க. குட்டியா கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும். அது சுத்தமா இருக்கா பாருங்க"ன்னான் பாண்டி.

இழுத்தேன். பாத்தேன்.

கண்ணு மேல சந்தனம். சந்தனத்துக்கு நடுவுல குங்குமம்.

"யாருங்க வச்சது?"ன்னா செல்வி. இப்படிக் கேட்டா தெரிஞ்சுதான் கேக்குறான்னு அர்த்தம்.

போன ஆயுத பூசைக்கு வண்டி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டின்னு நாந்தான் வரிசையா பொட்டு வச்சேன். இந்த டிரைவ் வழவழன்னு இருந்ததுல வெளிய சந்தனம் ஒட்டல. சரின்னு தட்டை இழுத்தா, உள்ள வைக்கிறதுக்குன்னே ஒரு இடம் இருந்துச்சு!

இதைப் போன்ல பாண்டிகிட்டச் சொன்னேன்.

"லென்ஸுக்காண்ணே பொட்டு வச்சீங்க?"

"பக்திடா."

அவன் ஆபீஸ்ல இருந்தான். ஸ்பீக்கர் அங்கயும் போட்டிருந்தான் போல. பத்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

காது குடையுற பஞ்சுக் குச்சியில ஸ்பிரிட்டைத் தொட்டு, அரை மணி நேரம் பைய பையத் துடைச்சேன். திரும்பப் போட்டேன். நாதஸ்வரம்! படம் வந்துருச்சு! தாமரைப் பூ விரிஞ்சு உள்ள இருந்து என் மூஞ்சி வந்துச்சு.

"இப்பப் பாருங்க மச்சான்"னு காலை ஆட்டிக்கிட்டு உக்காந்தேன்.

தாலி கட்டு முடிஞ்சது. எங்கப்பா மாலையை எங்கிட்ட நீட்டி, "மச்சானுக்குப் போடுப்பா"ங்கிறாரு. நான் வாங்குறேன். திரும்புறேன். வெள்ளைச் சட்டை, கட்டை மீசை. போடுறேன்!

மைக் செட்டுக்காரருக்கு.

மைக்கைச் சரி பண்ண மேடை ஏறின மனுசன். அவரும் மறுப்பே சொல்லாம கும்பிட்டு, கேமராவைப் பாத்துச் சிரிக்கிறாரு. அவருக்குப் பின்னாடி மச்சான். மாலைக்குத் தோதா கழுத்தை முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கிறாரு.

நிறுத்தலாம்னு பாத்தா மவுஸ் இல்ல. கீபோர்டுல கைக்குக் கிடைச்சதை எல்லாம் அமுக்கினேன். படம் அப்படியே உறைஞ்சு நின்னுருச்சு. சரியா அந்த எடத்துல, மச்சான் நீட்டின கழுத்தோட!

செல்வி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அடுப்படிக்கு ஓடிட்டா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. பத்து வருசமா அந்த மனுசன் உண்மையைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு. நாந்தான் அவரைப் பொய்யனாக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

"மன்னிச்சிருங்க மச்சான்"னேன். நெசமாவே மனசுல இருந்துதான் சொன்னேன்.

மச்சான் ஸ்கிரீனையே ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சு வேட்டியை இறுக்கிக் கட்டினாரு.

"மடி தாரேன் மாப்ள. மொதல்ல சபையில மால. மைக்ல என் பேரைச் சொல்லிப் போடணும்."

"கண்டிப்பா மச்சான்! வீடியோ எடுத்து உங்க வாட்ஸப்புக்கே அனுப்புறேன்."

வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே திரும்பினாரு.

"வாட்ஸப் எல்லாம் வேணாம். டிவிடியாவே குடுங்க. அதுலதான் நீங்க வசமா மாட்டுறீங்க."