கூறைச்சேலையில் ஓர் அணிவகுப்பு

ஊர்வலம் பார்க்கப் போகிறவர்கள் நடைபாதையில்தான் நிற்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் சிட்னியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சிட்னியின் புறநகரான ஹோம்புஷில் ஒரு ஃபிளாட்டில் குடியேறியிருந்தோம். எதிர் ஃபிளாட்டில் வால்ட்டர். கனடாக்காரர், உலகப் போரில் இத்தாலியிலும் ஹாலந்திலும் சண்டை போட்டவர். பிறகு சிட்னிப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். மனைவி இறந்தபின் தனி ஆள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அன்சாக் தினத்தன்று பழைய போர்வீரர்கள் நகரத்தில் அணிவகுத்துப் போவார்கள். அந்த வருடம் அவருக்கு முழங்கால் மோசம். கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்த என் கணவரோ காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"நீர் அவரை ரயிலில கூட்டிக்கொண்டு போய், வரிசையில விட்டிட்டு வாரும். அவ்வளவுதான் வேலை," என்றார்.

அரச விழா என்று நினைத்துக் கலியாணக் கூறைச்சேலை உடுத்திக்கொண்டு போனேன். (நல்ல சிவப்பு, சரிகை வேறு. கூட்டத்தில் ஒளிந்துகொள்ள ஏற்ற உடுப்பு!)

நான் அவரை வரிசையில் விட்டேன். அவர்தான் என் கையை விடவில்லை. "அந்த மூலை வரைக்கும் மட்டும், ப்ளீஸ்," என்றார். அதற்குள் பாண்டு வாத்தியம் முழங்கியது. முன்வரிசை நகர்ந்தது, பின்வரிசை தள்ளியது. இரண்டு பக்கமும் சனம் கைதட்ட, நடுத்தெருவில் நானும் உலகப் போரை வென்றுகொண்டு போனேன்.

என் நடை எவருடைய நடையோடும் சேரவில்லை. பின்னால் வந்த ஒருவர் உதவுவதாக நினைத்து, "லெஃப்ட்! லெஃப்ட்!" என்றார். இடது காலை எடுத்து வை என்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இடப்பக்கம் போகச் சொல்கிறார்கள் என்று திரும்பினேன், வால்ட்டரையும் இழுத்துக்கொண்டு. பக்கத்தில் காற்றுப்பையை அமுக்கி ஊதிக்கொண்டு வந்த பேக்பைப் வாத்தியக்காரர்மேல் போய் மோதினோம். வாலில் மிதிபட்ட பூனைபோல அந்தப் பை கத்தியது. வரிசை நின்றது. கைதட்டலும் நின்றது.

சீதையை விழுங்கிய பூமி எனக்கு மட்டும் திறக்கவில்லை. "சொறி, சொறி" என்று அழாக்குறையாக வால்ட்டரைப் பார்த்தேன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீரும் ஓடியது.

"ஆர்ச்சி எண்டு ஒரு கூட்டாளி," என்றார். (சொன்னது ஆங்கிலத்தில், என் நினைவில் எங்கள் தமிழில்தான் இருக்கிறது.) "அணியில எப்பவும் எனக்குப் பக்கத்தில நிப்பான். எப்பவும் பிழையாத்தான் திரும்புவான். சார்ஜன்ட்டுக்குக் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அவனை ஹாலந்தில புதைச்சுப்போட்டு வந்தனான். அதுக்குப் பிறகு எனக்குப் பக்கத்தில நிண்டு ஒருத்தரும் பிழையாத் திரும்பேல்லை."

நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூலை வந்தது, போனது. கடைசிவரை நடந்தோம்.

வீட்டில் கணவர் போர்வையோடு டிவி முன்னால் இருந்தார். "ரயிலில போன மனிசி டிவியில போறா! எனக்குக் காய்ச்சல் முத்திப்போச்செண்டெல்லோ நினைச்சன்!" என்றார்.

அடுத்த வருடமும் வால்ட்டர் கதவைத் தட்டினார். கோட்டில் பதக்கங்கள், முகத்தில் கூச்சம்.

"இந்த முறையும் ஒருக்கா பிழையாத் திரும்புவீரோ?"

அவரால் நடக்க முடிந்த வருடமெல்லாம் போனேன். ஒவ்வொரு முறையும் வழியில் எங்காவது ஓரிடத்தில், யாரும் சொல்லாமலே, இடப்பக்கம் திரும்பினேன். (வாத்தியக்காரர்கள் எட்டத்திலேயே வந்தார்கள்.)

இப்போது என் மகள் கார் ஓட்டுகிறாள். பக்கத்திலிருந்து நான் "லெஃப்ட்" என்றால் உடனே திருப்பமாட்டாள். "அம்மா, இது ரோட்டு லெஃப்டோ, வால்ட்டர் அங்கிள் லெஃப்டோ?" என்று கேட்டு உறுதிசெய்த பிறகுதான் ஸ்டியரிங்கை அசைப்பாள்.