பம்பருக்கு வந்த பரு

பெரிய மனிதர்கள் மீது எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. பங்களா கட்டியவர், தேர்தலில் ஜெயித்தவர், பெண்ணை அமெரிக்காவில் கட்டிக்கொடுத்தவர், யாரைப் பார்த்தும் என் வயிறு எரிந்தது கிடையாது. எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன்தான் வேண்டும். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவனுக்கு அப்பளம் பெரிதாக விழுந்தால் போதும், அன்றைய சாப்பாடு எனக்குச் செரிக்காது.

இருபத்திரண்டு வயதில், என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் பெயர் செந்தூர்பாண்டி. அவன் முகத்தில் ஒரு பரு கூடக் கிடையாது. என் முகத்தில் அவனுக்குச் சேரவேண்டியதும் சேர்ந்தே இருந்தது.

இது இரண்டாயிரத்து நான்கில் நடந்தது. அவன் உடன்குடிப் பக்கம், நான் சங்கரன்கோவில் பக்கம். ஒரே நாளில் ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் ட்ரெய்னியாகச் சேர்ந்து, பென்னலூரில் ஒரே அறையில் குடியேறி, ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தோம். வேலையும் ஒரே இடத்தில்தான். பம்பர்கள் கொக்கியில் தொங்கியபடி வரிசையாக நகர்ந்து வரும். பெயின்ட் அடிக்கிற கூண்டுக்குள் நுழைவதற்கு முன்னால், ஸ்பிரிட் மாதிரி ஒரு திரவத்தில் நனைத்த துணியால் அதைத் துடைத்து அனுப்ப வேண்டும். இடது பாதி எனக்கு, வலது பாதி அவனுக்கு.

சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் தேவராஜ் அண்ணன் (பிள்ளைப்பாக்கத்துக்காரர், கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுகிற ஆபத்தான ரகம்) எங்களை நிற்கவைத்துச் சொன்ன சட்டம் ஒன்று உண்டு. தலைக்கு எண்ணெய், முகத்துக்கு கிரீம், பவுடர், சென்ட் எதுவும் வைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது. எண்ணெயின் நிழல் பட்டால்கூட அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகிக்கொள்ளும், நடுவில் சின்னக் குழி விழுந்துவிடும் என்றார். எங்கள் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் கிளம்புவது துக்க வீட்டுக்குப் போகும்போது மட்டும்தான். ஒரு வருடமாகத் தினமும் துக்க வீட்டுக்குப் போகிற தலையோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தோம்.

இப்போது பாண்டியின் சௌகரியங்களைச் சொல்கிறேன். கேன்டீனில் பரிமாறுகிற அக்கா அவனுக்கு மட்டும் பொரியலை இரண்டாம் முறை கேட்காமலே வைப்பார். வீட்டுக்காரம்மா எதிரே வந்தால் அவனை, "சாப்ட்டியாப்பா?" என்பார், என்னை, "மோட்டார நிறுத்தினியா?" என்பார். கம்பெனி பஸ் ஒருமுறை அவனுக்காக இரண்டு நிமிடம் நின்றது. அதே பஸ் அதே வாரத்தில், நான் கையை ஆட்டிக்கொண்டே ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கிளம்பியது. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த முகம்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அவன் அந்த அக்காவுக்குச் சாப்பாட்டுக் கூடை தூக்கிக் கொடுப்பதும், டிரைவருக்குத் தினமும் வணக்கம் சொல்வதும் என் கணக்கில் வரவே இல்லை.

மார்கழி மாதம் அந்தச் செய்தி வந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. திங்கட்கிழமை பெரிய மேனேஜர் வருகிறார், தேவராஜ் அண்ணன் ஒரு பெயரைச் சொல்வார், மேனேஜர் ஆளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். நிரந்தரம் ஆனால் நீலக் கயிற்றில் அடையாள அட்டை. ஆகாவிட்டால் இன்னும் ஆறு மாதம் ட்ரெய்னி. அதற்குப் பிறகும் ஆகாவிட்டால் சங்கரன்கோவிலுக்கு பஸ். அப்பா இல்லாத வீடு, கீழே ஒரு தங்கச்சி. எனக்கு அந்த வேலை வேண்டும்.

ஆளைப் பார்த்துவிட்டு என்ற வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஆளைப் பார்த்தால் யாரைப் பிடிக்கும்? இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், ஒருவன் துடைத்து முடித்த பம்பர் மாதிரி இருப்பான், இன்னொருவன் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியவன் மாதிரி இருப்பான்.

பாண்டியிடம் ஒரு சின்னப் பழுப்பு நிற பாட்டில் இருந்தது. கப்பலில் வேலை செய்யும் அவனுடைய சித்தப்பா ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. டீ ட்ரீ ஆயில் என்று பெயர். (ஊட்டித் தேயிலையைச் செக்கில் போட்டு ஆட்டியது என்று நான் நெடுநாள் நம்பினேன். அது வேறு ஏதோ மரத்தின் இலையாம்.) பள்ளியில் படிக்கும்போது தனக்கு என்னைவிட அதிகப் பரு இருந்ததாகவும், இதைப் போட்டுத்தான் போனதாகவும் பாண்டி சொல்லியிருந்தான். லீவுக்கு முந்தின நாளில் மட்டும் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விட்டு, பஞ்சால் தொட்டு வைத்துக்கொள்வான். மறுநாள் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவான். தேங்காய் எண்ணெய் கலப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாட்டில் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று கஞ்சத்தனம் பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், உன் முகம் நன்றாக இருக்கிறது என்று அவனிடம் ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடாதா? திருடுவது கௌரவமாகப் பட்டது.

அந்த வாரம் எங்களுக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்குத்தான் பஸ். ஆறு அறைக்கு ஒரே குளியலறை என்பதால், பாண்டி துண்டை எடுத்துக்கொண்டு போனால் வரிசையில் நின்று திரும்ப அரை மணி நேரம் ஆகும். செவ்வாய்க்கிழமை அந்த அரை மணி நேரத்தில் பாட்டிலைத் திறந்தேன். கற்பூரமும் தைலமும் மருத்துவமனையும் கலந்த ஒரு வாசனை. உள்ளங்கையில் எட்டுச் சொட்டு விட்டு முகம் முழுக்கத் தேய்த்தேன். முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு எரிந்தது. எரிய எரிய எனக்குச் சந்தோஷம். மருந்து வேலை செய்கிறது, பரு கதறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை இன்னும் நாலு சொட்டு அதிகம். வியாழக்கிழமை கண்ணாடியில் பார்த்தால் பரு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது, அதைச் சுற்றியிருந்த தோல்தான் சிவந்து உரிந்துகொண்டிருந்தது. சிரித்தால் முகம் கிழிந்துவிடும் போல இழுத்தது. பயந்துபோய், எரிச்சல் அடங்க வேண்டுமென்று தேங்காய் எண்ணெயை எடுத்துக் கன்னத்தில் தாராளமாகப் பூசிக்கொண்டேன். பாண்டி ஒரு ஸ்பூனில் செய்த கலவையை நான் கடைசியில் முகத்திலேயே செய்துவிட்டேன்.

பஸ்ஸில் பாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"என்னல மாப்ள, மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு?"

"வெயிலு."

"மார்கழி மாசத்துல என்ன வெயிலு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே போகும்போது தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை, வாய்க்கு முகமூடி, கைக்கு உறை. திறந்திருப்பது கண்ணும் இரண்டு கன்னத்து மேடும் மட்டுமே. அந்த இரண்டு மேடும்தான் அன்று அரித்தன. அரிப்பு வந்தால் கை தானாகப் போகிறது. கை போகும், கன்னத்தை ஒரு அழுத்து அழுத்தும், அப்படியே வந்து பம்பரைத் துடைக்கும். திங்கட்கிழமைக்காக நான் அன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சிரத்தையாகத் துடைத்தேன். இடது பக்கத்தில் ஒரு அங்குலம் விடவில்லை.

பெயின்ட் அடித்த பம்பர்கள் அடுப்பில் வெந்து மறுமுனையில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அவை வந்ததும் இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து ஆள் ஓடிவந்து லைனை நிறுத்தச் சொன்னார். காற்றுக் குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார்கள். ஃபில்டரைக் கழற்றினார்கள். பெயின்ட் டப்பாவை மாற்றினார்கள். மெயின்டனன்ஸ்காரர்களும் பெயின்ட் கம்பெனிக்காரரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் கவலையோடு, கன்னத்தைத் தடவிக்கொண்டே, குழாயை இன்னொரு முறை பார்க்கலாமே என்று யோசனை சொன்னேன்.

கடைசியில் தேவராஜ் அண்ணன் கெட்டுப்போன பம்பர்களை எல்லாம் தரையில் வரிசையாக அடுக்கச் சொன்னார். அன்றைக்கு ஓடியது சிவப்பு நிறம். வலது பாதியெல்லாம் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. இடது பாதி முழுக்க, சிவப்புத் தோலில் பொட்டுப் பொட்டாகக் குழி. அச்சு அசலாக என் கன்னம்.

அவர் நிமிர்ந்து எங்கள் இருவரிடமும் வந்தார். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். கோயிலுக்குள் வந்த மாதிரி இருக்கிறதே, யார் என்ன பூசிக்கொண்டு வந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இந்த இடத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இத்தனை வருடம் கழித்தும் தோன்றுகிறது. நான் அன்று பொய் சொல்லவில்லை. பொய்யைவிடக் கேவலமாக, உண்மையில் பாதியைச் சொன்னேன்.

"அண்ணே, அந்த எண்ணெய் பாட்டில் பாண்டிட்டதான் இருக்கு."

பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. "பாட்டில் என்னுதுதான் அண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். இவன்தான் எடுத்தான் என்று சொல்ல அவனுக்கு ஒரு விநாடி போதும். அவன் சொல்லவில்லை. அந்த நேரத்திலும், எவ்வளவு லட்சணமாகச் சும்மா நிற்கிறான் பார் என்று எனக்கு எரிந்தது.

தேவராஜ் அண்ணன் அவன் அருகில் போய் மோந்தார். பிறகு என் அருகில் வந்து மோந்தார். என் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, உரிந்துபோன கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாட்டில் அவன்கிட்ட கீது. வாசனை உன்கிட்ட கீது. குழி உன் சைடுல கீது. இப்ப இன்னா சொல்ற?"

பெயின்ட் ஷாப்பே சிரித்தது. மெயின்டனன்ஸ்காரர்களும் பெயின்ட் கம்பெனிக்காரரும் சண்டையை விட்டுவிட்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தேவராஜ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு முகத்தில் எரிச்சலே தெரியவில்லை.

"மூஞ்சப் பாத்தா வேல குடுப்பாங்க? ரிஜெக்ட் கணக்குதாண்டா. நேத்து வரைக்கும் உன் சைடுலதான் கம்மி. உன் பேரத்தான் எழுதி வெச்சிருந்தேன்."

சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். பாண்டி தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். அவனுக்கு வழக்கம் போல இரண்டு மடங்கு பொரியல். அதில் பாதியை எடுத்து என் தட்டில் வைத்தான். செவ்வாய்க்கிழமையே அறை முழுக்க வாசனை வந்துவிட்டதாம். நானாகச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"கேட்டா தந்துருப்பேம்லா மாப்ள," என்றான்.

அந்தப் பொரியலை நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். கண்ணீர் உரிந்த கன்னத்தில் பட்டு அது வேறு எரிந்தது.

பாண்டிக்கு நீலக் கயிறு கிடைத்தது. எனக்கு இன்னொரு ஆறு மாதம், அதுவும் பம்பருக்கு உறை மாட்டுகிற பேக்கிங் பிரிவில். ஆறு மாதத்தில் நிரந்தரம் ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தேவராஜ் அண்ணன் பெயர் கெட்டுவிடும். அந்த மார்கழி முடிந்து வந்த பொங்கல் லீவுக்கு பாண்டியை எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது பிராயச்சித்தம் என்று நினைத்துச் செய்தது. என் அம்மா வாசலில் நின்று உரிந்த மகனை ஒரு முறையும், உரியாத விருந்தாளியை மூன்று முறையும் பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து அவனை என் தங்கச்சிக்குக் கேட்கலாமா என்று அம்மா என்னிடம் யோசனை கேட்டார். ஒரே அறையில் இருந்தவன் நீ, பையனிடம் ஏதாவது குறை இருந்தால் சொல் என்றார். இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு மனதாரத் தேடினேன். குறட்டைகூட விடமாட்டான். சரி என்று சொல்லிவிட்டேன்.

அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் அடுத்தடுத்த தெருவில்தான் இரண்டு குடும்பமும் இருக்கிறோம். அம்மா என் வீட்டில்தான் இருக்கிறார், முதல் தோசை மட்டும் பாண்டி வந்த பிறகுதான் சுடப்படும். தங்கச்சி மகன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை லெஃப்ட் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். (வெளியாட்கள் நான் ஏதோ கட்சியில் இருப்பதாக நினைத்து மரியாதை தருகிறார்கள். நான் திருத்துவதில்லை.)

போன மாதம் அந்தப் பையனுக்குப் பரு வந்துவிட்டது. அவன் அப்பா அதே மாதிரி ஒரு பழுப்பு நிற பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு, எப்படிப் போடக்கூடாது என்பதை மாமாவிடம் கேட்டுக்கொள் என்று சொல்லியிருந்தான். நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பொறுப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ஒரே சொட்டு, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார், எரிந்தால் விட்டுவிடு. அவன் தலையாட்டிவிட்டு, பாட்டிலை மேஜை மேலேயே வைத்துவிட்டுத் துண்டோடு குளிக்கப் போனான்.

எதிர்ச் சுவரில் பாண்டியின் புகைப்படம். சமீபத்தில் எடுத்தது, நாற்பத்து நாலு வயது, ஒரு சுருக்கம் கிடையாது. நான் அதைப் பார்த்தேன். பாட்டிலைப் பார்த்தேன். வாசனை மாறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் மூடியைத் திறந்தேன்.

அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்த தங்கச்சி, திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"அண்ணே, பாட்டில் யார்கிட்ட கீது?"