அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில் உங்கள் போன்

மரியாதைக்குரிய அத்தானுக்கு, வணக்கம். நீங்களும் அக்காவும் நலமென்று நம்புகிறேன். இங்கே என் ரத்தக்கொதிப்பு உங்கள் தயவில் அமோகமாக இருக்கிறது.

போன வாரம் நான் போனில் கத்தியதற்குக் கோபித்துக்கொண்டு, என் போனையும் எடுப்பதில்லை, பெற்ற மகள் போனையும் எடுப்பதில்லை. சமாதானம் பேச இதை எழுதவில்லை. உங்கள் மகளின் ஆராய்ச்சிக்கூடத்தில் கல் நசுக்கும் இயந்திரத்தை ஓட்டுபவன் நான். கட்டட மேஸ்திரியான நீங்களோ, "அந்தக் கல்லை இங்க அனுப்பு மாப்ளே, நாலே அடியில உடைச்சுத் தரேன்" என்கிறீர்கள். உடைப்பதா பிரச்சினை? பூமியின் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றுக்கு அடியில் புகுந்து அறுநூறு கிலோமீட்டர் இறங்குகிறது. அங்கிருக்கும் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் கல் பிசைந்த மாவு மாதிரி வளையணும், உடையவே கூடாது. ஆனாலும் அங்கிருந்து நிலநடுக்கம் வருது! கல்லிலிருந்து நீர் பிரிவதால் என்கிறது ஒரு கட்சி. உங்க பொண்ணு கட்சி வேற. தட்டோட நடுப்பகுதி சீக்கிரம் சூடேறாததால, அங்க இருக்கிற கல் உருவம் மாறவேண்டிய ஆழத்துலயும் மாறாம வீம்பு பிடிக்குது. அப்புறம் மெல்லிய ஏடு ஏடா திடீர்னு இறுகி மாற, அந்த ஏடு வழியா மொத்தமும் வழுக்குது. இதை நிரூபிக்கத்தான் மிளகளவு கல்லை அழுத்திவிட்டு, 'டக்' என்று சத்தம் வருமா என்று கருவியை வைத்துக் காத்திருக்கிறோம்.

நாலு மாசம் கழித்து வந்தது அத்தான், டக் டக்கென்று! பேராசிரியர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவளுக்குப் பட்டம் தரவேண்டிய தேர்வுக்குழுவுக்குத் தகவலும் போய்விட்டது. அப்புறம் பார்த்தால், ஒவ்வொரு நடுக்கமும் சரியா முப்பது நொடி அடிக்குது, அஞ்சு நொடி ஓயுது, மறுபடி முப்பது நொடி! இயந்திர மேசைமேல உங்க பொண்ணு சத்தத்தை அணைச்சு அதிர்வுல வச்சிருந்த போன்! "கல்லு உடைஞ்சுதா பாப்பா?"ன்னு கேக்க நீங்க பதினோரு தடவை கூப்பிட்டிருக்கீங்க! குழு முன்னாடி அந்தப் பொண்ணு தலைகுனிஞ்சு நின்னா. இப்ப மிச்சம் ஒரே ஒரு கல். இதுவும் போனா அஞ்சு வருஷப் படிப்பு போச்சு. அதனால கோபமாவே இருங்க அத்தான். அவ பட்டம் வாங்குற வரைக்கும் கோபம் துளியும் குறையாம பாத்துக்குங்க.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

பணிவும் எரிச்சலும் கலந்த,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் எழுதுகிறேன். கல் பேசிவிட்டது! எல்லார் போனையும் கூடத்துக்கு வெளியே வைத்துவிட்டுக் கேட்டோம், இருநூறு 'டக்'. பேராசிரியர் மூன்று முறை சரிபார்த்துவிட்டார். உங்கள் மகள் உங்களை ஒன்பது முறை கூப்பிட்டாள், நீங்கள் எடுக்கவில்லை. இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டு, "அப்பாவுக்குச் சொல்லாம வேற யாருக்கும் சொல்லக்கூடாது மாமா" என்று என்னிடம் சொல்லி, பேராசிரியரையே நிறுத்தி வைத்திருக்கிறாள். தபாலை நம்பாமல் எங்கள் வண்டி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியதையெல்லாம் கிழிச்சுப் போடுங்க. போனை எடுங்க அத்தான்.