நாலாம் பெட்டியின் வாரிசுதாரர்

வாரிசுகளில் இரண்டு வகை உண்டு. பெற்றோர் விட்டுச் செல்வதைப் பெறுகிறவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றிக் குடும்பக் குறிப்பேடுகளிலும் நீதிமன்றக் கட்டுகளிலும் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. முன்பின் அறியாத ஒருவர் மின்ரயிலிலிருந்து இறங்கும்போது விட்டுச் செல்லும் ஒன்றரைச் சாண் பலகையைப் பெறுகிறவர்கள் இரண்டாம் வகை. இவர்களைப் பற்றி இதுவரை யாரும் முறையாகப் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். காலை எட்டு முப்பத்தைந்து வண்டியில் ஏறியதும் நீங்களும் நானும் கையால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தேடுவோம். அவர் கம்பியைத் தேடுவதில்லை, முகங்களைத் தேடுகிறார். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை ஒரு முறை பார்வையிட்டு, யார் சீக்கிரம் போய்ச் சேரக்கூடியவர் என்று கணக்கிட்டு, அவருடைய முழங்காலுக்கு நேர் எதிரே போய் நின்று, நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் உறவினரைப் போலக் குனிந்து, கனிவு ததும்பும் குரலில் கேட்கிறார்:

"எங்க இறங்குவீங்க?"

அந்தக் கனிவைக் கண்டு ஏமாறாதீர்கள். உங்கள் பயணத்தில் அவருக்கு அக்கறை இல்லை. அது முடிவதில்தான் அக்கறை.

பதில் கிடைத்த கணமே பாத்தியதை பதிவாகிவிடுகிறது. பத்திரம் கிடையாது, முத்திரை கிடையாது; உட்கார்ந்திருப்பவரின் ஒரு தலையசைப்பே உயில். அதற்குப் பிறகு வாரிசுதாரர் தம் முன்னோரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அவர் நாளிதழை மடித்தால் நல்ல அறிகுறி. தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகினால் இன்னும் நல்லது. காலால் துழாவிச் செருப்பைத் தேடினால் முடிவு நெருங்கிவிட்டது. ஆனால் சிலர் நாளிதழை மடித்து, மூடியைத் திருகி, செருப்பை மாட்டி, எழுந்தும் நின்று, கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். இப்படிப் பிழைத்துக்கொண்டவர்களை வாரிசுதாரர் வாழ்நாள் முழுதும் மன்னிப்பதில்லை.

வழக்குகளும் உண்டு. சென்ற மாதம் என் காதால் கேட்ட ஒன்று:

"சார், அது என் இடம்."

"உங்க இடமா? பேர் எழுதியிருக்கா?"

"அஞ்சு ஸ்டேஷன் முன்னாடியே சொல்லி வச்சிருக்கேன். வேணும்னா பெரியவரையே கேளுங்க."

எழுந்து நின்ற பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருமே கேட்டீங்க. ரெண்டு பேருக்குமே தலையாட்டினேன். எனக்குக் கழுத்து வலி தம்பி, அது தானாவே ஆடும்."

சரி, கேட்காமலே ஓர் இடம் காலியாகக் கிடந்தால் இவர் உட்காருவாரா? உட்கார மாட்டார். "ஏன் காலியா கிடக்கு?" என்று சந்தேகப்படுவார். விரலால் தொட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்பார். அதற்குள் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். வாரிசுரிமை இல்லாமல் கிடைப்பது சொத்தே அல்ல என்பது இவர் கொள்கை.

இந்த இனத்தின் முழுமையான மாதிரி எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்: என் தங்கையின் கணவர். நாலாம் பெட்டியில் தினமும் வருகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே வாரிசுதாரர்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே வண்டி, அதே பெட்டி. எவர் எங்கே இறங்குவார் என்பது அவருக்கு மனப்பாடம். மேலே கண்டது போன்ற தகராறு எழுந்தால், "வாரிசுதாரர் சொல்லட்டும்" என்று இரு தரப்பும் அவரிடம் வருவார்கள். அவரும் உட்கார்ந்தபடியே தீர்ப்பு வழங்குவார். அந்தப் பெட்டிக்குள் அவர் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு.

அவர் இறங்குவது பாலத்தடி நிறுத்தத்தில். நான் அதற்கு அடுத்ததான மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்குகிறவன். ஆகவே அவர் எழுந்ததும் அந்த இருக்கை நான்கு நிமிடத்துக்கு எனக்கு. இது நாங்கள் உறவான நாள் முதல் உள்ள ஏற்பாடு. "சீட்டு குடும்பத்தை விட்டு வெளிய போகக் கூடாது மச்சான்" என்பார்.

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவர் முதுநிலை எழுத்தர். அங்கேயும் அவர் நிற்பது ஓர் இருக்கைக்கு முன்னால்தான். சன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, இரு பக்கமும் கை வைத்த தலைமை எழுத்தரின் நாற்காலி. அதில் இருந்தவரிடம் பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் வாழ்த்துச் சொல்லி, கை குலுக்கி, அதே கனிவோடு கேட்டு வந்தார்: "சாருக்கு சர்வீஸ் இன்னும் எவ்வளவு இருக்கு?" அவர் ஒரு முறை பணி நீட்டிப்பு வாங்கியபோது, எங்கள் மாப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒருவழியாகத் தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றார். புதியவரைத் தேர்ந்தெடுக்க நேர்காணல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு. பணிமூப்புப் பட்டியலில் முதல் பெயர் எங்கள் மாப்பிள்ளையுடையது. பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி என்று அலுவலகமே பேசிக்கொண்டது.

அன்று காலை என் தங்கை சட்டையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கு ஒரு நாளாவது நின்னுக்கிட்டே போங்களேன். கூட்டத்துல இடிச்சுப் புடிச்சு உக்காந்தா சட்டை கசங்கிடும்."

"நிக்கிறவன் சட்டைதான் கசங்கும். உக்காந்தவன் சட்டையை யாரு தொடப் போறா?" என்றார் மாப்பிள்ளை.

நான்காவது நிறுத்தத்தில் அவருக்கு வாரிசுரிமைப்படி இடம் கிடைத்தது. நான் வழக்கம்போல் அருகில் நின்றேன். சட்டை கசங்கவில்லை, முகத்தில் ஏற்கெனவே தலைமை எழுத்தரின் களை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தடிக்கு இரண்டு நிறுத்தம் இருக்கையில், ஒரு பெரிய துணிப்பையும் ஒரு கனத்த பெட்டியுமாக ஓர் அம்மாள் ஏறினார். மூச்சு வாங்கியது. நேராக மாப்பிள்ளையின் எதிரே வந்து நின்று, "அண்ணே, நீங்க எங்க இறங்குவீங்க?" என்றார்.

"பாலத்தடி" என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால் பாத்தியதை அம்மாளுக்குப் போய்விடும். நான்கு நிமிடச் சொத்து குடும்பத்தை விட்டு வெளியேறிவிடும். மாப்பிள்ளை என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிறகு அம்மாளிடம் வருத்தத்தோடு சொன்னார்:

"நான் கடைசி வரைக்கும் போறேம்மா. துறைமுகம்."

இந்த இனத்தவர் அனைவரும் உட்கார்ந்த பிறகு கடைசி நிறுத்தம் வரைக்கும்தான் போகிறார்கள். இதைக் கேட்டவர்கள் வழக்கமாக முகம் சுளித்து வேறு முழங்காலைத் தேடிப் போவார்கள். அம்மாள் போகவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா! நல்லதாப் போச்சு அண்ணே. நானும் துறைமுகம்தான். என் தம்பி கப்பல்ல வர்றான், ஏழு வருஷம் கழிச்சு. எனக்கு இந்த ஊரு புதுசு, எங்க இறங்கணும் எப்படிப் போகணும்னு ஒண்ணும் தெரியாது. உங்க கூடவே வந்துடுறேன். இதைக் கொஞ்சம் வச்சுக்குங்க."

துணிப்பை மாப்பிள்ளையின் மடியில் ஏறியது. அதன்மேல் பெட்டி. அதன்மேல், இடம் இருப்பதைப் பார்த்த வேறொருவரின் மழைக்கோட்டு. குவியலுக்கு மேலே மாப்பிள்ளையின் கண்கள் மட்டும் தெரிந்தன.

பக்கத்து இருக்கைக்காரர் வேறு தம் பங்குக்குச் சேர்ந்துகொண்டார். "பயப்படாதீங்கம்மா. இவரு சொன்னா சொன்னதுதான். இந்தப் பெட்டியில யாரை வேணும்னாலும் கேளுங்க."

ஒன்பது பதினெட்டுக்குப் பாலத்தடி வந்தது. கதவு திறந்தது. அதே அலுவலகத்தில் தபால் பிரிவில் இருக்கும் அம்மையார் ஒருவர், தினமும் கதவோரமே நின்று வந்து வண்டி நிற்கும் முன்பே முதல் ஆளாகத் தயாராகிறவர், அன்றும் அவ்வாறே இறங்கி விடுவிடுவென்று நடந்தார். பணிமூப்புப் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவது.

மாப்பிள்ளை எழவில்லை. எழுந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்மாளுக்கு ஓர் இருக்கை கிடைத்திருக்கும். இவருக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். ஆனால் நாலாம் பெட்டி சிரித்திருக்கும். இருபத்திரண்டு ஆண்டுத் தீர்ப்புகள் அத்தனையும் அந்த ஒரு பொய்யோடு செல்லாமல் போயிருக்கும். குவியலுக்கு மேலிருந்த கண்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தன. கணக்குப் போட்டன. கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கணக்கு என்னவென்று பிறகு அவரே சொன்னார். நானும் நேர அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், பிழையில்லை. ஒன்பது முப்பத்தாறுக்குத் துறைமுகம். முப்பத்தெட்டுக்குத் திரும்பும் வண்டி. ஒன்பது ஐம்பத்தாறுக்குப் பாலத்தடி. ஓட்டமாக ஓடினால் அலுவலகத்துக்கு மூன்றே நிமிடம்.

துறைமுகத்தில் இறங்கியதும் அம்மாள் நான்கடி வைத்தார். "அதோ என் தம்பி!" என்று கூவினார். பையையும் பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு ஓடினார். வழிகாட்டத் திரும்பி நின்ற மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. காட்ட வேண்டிய வழியே இல்லை, நேர் வாசல்.

முப்பத்தெட்டு வண்டி எதிர் நடைமேடையில் நின்றது. ஓடிப் போய் எட்டிப் பார்த்தார். இருக்கைகள் எல்லாம் இரவு வேலை முடித்த துறைமுகத் தொழிலாளர்களால் நிரம்பியிருந்தன. நிற்கத் தாராளமாக இடம் இருந்தது. நிற்க.

அப்போதுதான் நடைமேடை ஊழியர் அந்தச் சொற்களைச் சொன்னார்: "ஏன் சார் அவசரப்படுறீங்க? பின்னாடியே ஒம்பது அம்பத்திரெண்டு இருக்கு. காலி வண்டி."

காலி வண்டி! காலியாகக் கிடக்கும் ஒற்றை இடம்தான் சந்தேகத்துக்குரியது; இங்கே ஒரு பெட்டியில் எண்பது இருக்கைகள், எண்பதும் உரிமை கோருவாரின்றி. இந்த இனத்தைச் சேராத எவரும் அந்தக் கணத்தில் முதல் வண்டியில் ஏறி நின்றுகொண்டே போயிருப்பார். "நின்னுக்கிட்டே போயி, வேர்த்து விறுவிறுத்து இன்டர்வியூவுல போயி நிக்கச் சொல்றீங்களா மச்சான்?" என்று என்னிடம் பின்னர் கேட்டார். "பத்து நிமிஷம் முன்னப் பின்ன ஆனா என்ன? என்னைய விட்டுட்டு யாரை உக்கார வைக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

காலி வண்டியில் நான்கு இருக்கைகளை மாற்றி மாற்றிப் பார்த்து, ஐந்தாவதாகச் சன்னலோரம் ஒன்றைத் தேர்ந்து, கால் நீட்டி, கசங்காத சட்டையோடு பத்து பத்துக்குப் பாலத்தடியில் இறங்கினார். அலுவலகத்தில் நுழைந்தபோது மணி பத்து பதின்மூன்று. பத்துக்கு அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு இரண்டாவது பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அம்மையார் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

"என் பேர்தானே சார் முதல்ல?" என்றார் மாப்பிள்ளை.

"முதல்லதான் கூப்பிட்டோம்" என்றார் அதிகாரி. "நீங்க எங்க போனீங்க?"

"துறைமுகம்" என்ற பதிலை எந்த அதிகாரிதான் ஏற்பார்?

மறுவாரம் அம்மையார் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பண்புள்ளவர், நேரில் போய் வாழ்த்தினார். நல்லபடியாக இரண்டு வாக்கியம் பேசினார். மூன்றாவதாக, தம்மை அறியாமலே சற்றுக் குனிந்தார். குரலில் அந்தப் பழைய கனிவு வந்தது.

"மேடத்துக்கு சர்வீஸ் இன்னும் எவ்வளவு இருக்கு?"

அம்மையார் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் கடைசி வரைக்கும் போறேன் சார்."

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் மாப்பிள்ளையின் பெயருக்கு எதிரே, பதவி என்னும் கட்டத்தில் 'முதுநிலை எழுத்தர்' என்று பதினோரு ஆண்டுகளாகப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். மறுநாள் அதையே மையால் எழுதினேன். பதிவு என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாலத்தடியில் கதவு திறந்திருந்த அந்த முப்பது நொடியில், "மாப்பிள்ளை, இறங்குங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று என் தங்கை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் நினைப்பதுபோல் அது பொறாமையில்லை. ஒரு கையை இருக்கையின் முதுகில் ஊன்றி, பையை முன்னால் இழுத்து, அரை உடம்பைத் திருப்பி, அவர் எப்போது எழுவார் என்று காத்திருந்தேன். என் கண் முழுதும் பலகையின்மேல் இருந்தது. அதன்மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்ததைக் கதவு மூடிய பிறகுதான் கவனித்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதை வண்டியில் உட்கார்ந்து படிக்கிறவராக இருந்தால், உங்கள் முழங்காலுக்கு எதிரே கொஞ்ச நேரமாக ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தலையைத் தூக்கினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால்தானே இந்தக் கடைசி வரிவரை இத்தனை கவனமாகப் படித்து வந்தீர்கள்? தவறில்லை. தூக்க வேண்டாம். ஒரே ஒரு விவரம் மட்டும் சொல்லிவிடுங்கள், பதிவுக்காகத்தான்.

எங்கே இறங்குவீர்கள்?